இரண்டு வருடம் கூலி இல்லாமல் கார்பெண்டர் வேலை பழகலாமா?

கடிதத்தின் சுருக்கம்: தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து 19 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்க ஊர்ப்பெயரை விட்டுவிட்டேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார், அம்மா கருவாடு விற்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் நின்றபோது, இவர் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலைக்கு, அதாவது கான்கிரீட் ஊற்றப் பலகையால் அச்சு அடைக்கும் வேலைக்கு, கையாளாகப் போயிருக்கிறார். நாள் கூலி 600 ரூபாய். “நாங்க அடிச்ச பலகையைப் பிரிச்சப்ப தளம் அப்படியே நின்னுச்சு. கடலுக்குப் போக எனக்கு மனசில்லை, இந்த வேலைதான் என் வேலைன்னு அன்னைக்கே தோணிருச்சு” என்று எழுதுகிறார்.

இப்போது சென்னையில் வேலை எடுத்துச் செய்யும் ஒரு மேஸ்திரி கூப்பிடுகிறார். இரண்டு வருடம் கூட இருக்க வேண்டும். சாப்பாடும் தங்க இடமும் உண்டு, கைச்செலவுக்கு மாதம் 3,000 ரூபாய். தொழில் படிந்த பிறகுதான் கூலி. அப்பாவின் கடனுக்கு 40,000 ரூபாய் அட்வான்ஸ் தருவதாகச் சொல்லி, 15,000 ரூபாயைக் கொடுத்தும்விட்டார். அதற்கு ஈடாக அப்பா ஒரு வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிளஸ் டூ மார்க் ஷீட்டின் அசலையும் கேட்கிறார்கள், அது இன்னும் கைமாறவில்லை. வளைகுடாவில் இருக்கும் மாமா, “ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, ஒன்றரை லட்சத்துல ஷட்டரிங் கார்பெண்டர் விசா எடுத்துடலாம்” என்கிறார். அம்மா ஐடிஐயில் சேரச் சொல்கிறார். “ஐடிஐ படிச்சவனுக்கு உளி பிடிக்கவே தெரியாது” என்று மேஸ்திரி சொன்னது இவருக்குச் சரியாகப் படுகிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசாரிமார் தொழில் சொல்லித் தருவார்களா என்ற தயக்கமும் இருக்கிறது. கடிதத்தின் அடியில் அம்மா சொல்லச் சொல்லி ஒரு கேள்வியும் சேர்த்திருக்கிறார்: “உசரத்துல ஏறி வேலை பார்க்கும்போது இவன் விழுந்தா யாரு பொறுப்பு?”

தம்பி, தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்த தொழிலில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. இராமேஸ்வரத்தில் லாட்ஜ், கீழக்கரையிலும் தொண்டியிலும் வெளிநாட்டுப் பணத்தில் எழும்பும் வீடுகள் என்று நம் பக்கத்திலேயே இதற்கு வேலை இருக்கிறது. எனக்குக் கவலை தருவது மேஸ்திரி வைத்திருக்கும் நிபந்தனைகள். அதில் உங்களுக்கு நியாயமாகத் தெரிகிற பல விஷயங்கள் சட்டப்படி நிற்காதவை.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையாளாகவே உங்களுக்கு 600 ரூபாய் கிடைத்தது. மாதம் 26 நாள் வேலை என்றால் 15,600. மேஸ்திரி கொடுப்பது 3,000. மாதத்துக்கு 12,600 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள், 24 மாதத்தில் அது 3,02,400 ரூபாய். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் நியாயமாக என்ன உண்டோ அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் மிச்சம் நிற்பது அந்த 40,000 ரூபாய் அட்வான்ஸைப் போலப் பல மடங்கு. அதுவும் அட்வான்ஸ் திரும்பிப் போக வேண்டிய பணம், விட்டுக்கொடுத்த கூலி திரும்பி வராது. இந்தக் கணக்கை அப்பாவுக்கு எழுதிக் காட்டுங்கள்.

‘கத்துக்கிற பையன்’ என்றால் உரிமை இல்லையா?

“கத்துக்கிற வரைக்கும் கூலி கேட்க முடியாதுதானே” என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சட்டத்தின் முன்னால் நீங்கள் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒன்று, 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்த அப்ரண்டிஸ். இல்லாவிட்டால், கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளி. பதிவு செய்த அப்ரண்டிஸுக்கு உதவித்தொகை உண்டு. பதிவு இல்லாமல் பலகை தூக்கி, ஆணி அடித்து, கான்கிரீட்டுக்குத் தளம் தயார் செய்கிற எவருக்கும் கட்டுமான வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி உண்டு. தொழில் தெரியாத ஆளுக்கும் அதில் ஒரு தொகை இருக்கிறது. நடுவில் மூன்றாவதாக ஒரு வகை கிடையாது.

முறையான அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? 2019-இல் திருத்திய விதிப்படி பிளஸ் டூ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் அது 10 சதவீதம் கூடும். நிறுவனம் விரும்பினால் கூடுதலாகத் தரலாம், குறைக்க முடியாது. சேரும் நேரத்தில் நடப்பில் உள்ள தொகை என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு நேரடியாக உங்கள் கணக்கில் தருகிறது. அதனால் ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அப்ரண்டிஸிடம் அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. ராத்திரி கான்கிரீட் போடுகிறோம், விடியும் வரை நில்லு என்று சொல்வதற்கெல்லாம் இது பொருந்தும். பயிற்சி முடிந்து தேர்வு எழுதித் தேறினால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ் கிடைக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய. நீங்களே காரணமில்லாமல் பாதியில் விட்டுப் போனால், பயிற்சிச் செலவில் ஒரு தொகையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல அதிகாரிக்கு இடம் உண்டு. நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினால் அவர்கள் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ ஆள் வைத்திருக்கும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், ஒப்பந்த ஆட்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நான்கு முதல் 29 பேர் வரை என்றால் அது அவர்கள் விருப்பம். உங்கள் மேஸ்திரி பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை பார்க்கிறவராக இருந்தால் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அவர் யாருக்காக வேலை எடுத்துச் செய்கிறார் என்று கேளுங்கள். மேலே ஒரு பெரிய பில்டர் இருப்பார். அந்த நிறுவனத்தின் பெயரில் பதியச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் நடத்தும் அப்ரண்டிஸ் சேர்க்கை முகாம்களுக்குப் போனால் நிறுவனத்துக்காரர்களிடம் நேரிலேயே பேசலாம்.

அட்வான்ஸும் வெற்றுப் பத்திரமும்

அப்பா ஏன் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் புரிகிறது. கடற்கரையில் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அவர் படகில் ஏறுவதும், வேறு படகுக்கு மாறும்போது அந்தப் பாக்கியைக் கட்டிவிட்டு மாறுவதும் காலகாலமாக நடப்பதுதான். அந்தப் பழக்கத்தில், “பணம் வாங்கியாச்சு, பையன் போய்த்தான் ஆகணும்” என்று நினைக்கிறார். கரையில் பழகிப் போனது என்பதால் அது சட்டமாகிவிடாது. பழகுகிறவனின் உழைப்பை ஈடாக வைத்துக் கொடுக்கிற அட்வான்ஸ் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

உங்களுக்கு 19 வயது. அப்பா போட்ட கையெழுத்து உங்களைக் கட்டாது. நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும், ஒருவரை இழுத்து வந்து வேலை செய்ய வைக்கும்படி எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. வாங்கிய 15,000 ரூபாய் கடன், அதை அப்பா பணமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கூலியே இல்லாமல் அல்லது பேருக்குக் கொஞ்சம் கொடுத்து வேலை வாங்குவதும், வேறு இடத்துக்குப் போகக் கூடாது என்று நிறுத்தி வைப்பதும் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். கொத்தடிமை என்றால் செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் நினைவுக்கு வரும். மாடிக் கட்டடத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவரும் அந்த நிலையில் இருக்கலாம்.

வெற்றுப் பத்திரம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. அதில் நாளைக்கு மூன்று லட்சம் கடன் என்று எழுதிக்கொள்ள முடியும். இந்த வாரமே அப்பா பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினார், அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட பத்திரம் எழுத்தில்லாமல் இருந்தது, இதைத் தவிர வேறு கொடுக்கல் வாங்கல் இல்லை, பத்திரத்தைத் திருப்பித் தாருங்கள். அவ்வளவுதான், கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பிலும் படம் எடுத்து அனுப்புங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ கொடுங்கள். மீதி 25,000 ரூபாயை வாங்கவே வேண்டாம்.

மார்க் ஷீட்டுக்கு ஜெராக்ஸ் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். அதைப் பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தும் சேர முடியவில்லை, சான்றிதழ் பழைய முதலாளியின் பீரோவில் இருந்தது. வழக்குப் போட்டு வாங்குவதற்குள் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

எந்தக் கார்பெண்டர்?

நீங்களும் மாமாவும் அம்மாவும் கார்பெண்டர் என்று சொல்லும்போது ஆளுக்கொரு வேலையை நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கட்டடத்தில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. தூண், பீம், தளத்துக்கு அச்சு அடைத்து முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் வேலை. நிலை, கதவு, ஜன்னல் செய்து பொருத்தும் ஆசாரி வேலை. பிளைவுட், மைக்கா வைத்து அலமாரி, கிச்சன் செய்யும் இன்டீரியர் வேலை. மேஸ்திரி கற்றுத் தரப் போவது முதலாவதை மட்டும். அதிலும் இரண்டு வருடமும் இரும்புத் தகடு (சீட்) தூக்கவும் பழைய பலகையில் ஆணி பிடுங்கவும் வைத்திருந்தால், 24 மாதம் கழித்தும் நீங்கள் கையாள்தான்.

அதனால் கற்றுத் தருகிறார்களா என்பதைச் சோதிக்க உங்களுக்கே ஒரு வழி தெரிய வேண்டும். நம் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் முட்டு நிறுத்தும்போது அடியில் அகலமான பலகை போடாவிட்டால், கான்கிரீட்டின் கனம் ஏற ஏற முட்டு மணலுக்குள் இறங்கும். ஒரு முட்டு இரண்டு நூல் இறங்கினாலும் தளம் அந்த இடத்தில் தொய்ந்துவிடும், நிறைய இறங்கினால் தளமே சரியும். நல்ல பெரியாள், அதாவது தொழில் தெரிந்த மூத்த ஆள், முட்டுக்கு அடியில் ஆப்பு வைத்து, தண்ணி ட்யூப் பிடித்து மட்டம் பார்த்து, எங்கே எவ்வளவு தூக்க வேண்டும் என்று உங்களையே சொல்ல வைப்பார். பலகையை எப்போது பிரிக்கலாம் என்பதும் அப்படித்தான். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 456 சொல்லும் கணக்கு இது. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதைவிட அகலம் என்றால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். “நாலாம் நாளே பிரி, அடுத்த சைட்டுக்குச் சீட் வேணும்” என்று அவசரப்படுத்துகிற மேஸ்திரியிடம் தொழிலைக் கற்றால் தப்பாகத்தான் கற்பீர்கள். அதைவிட, பிரிக்கும்போது கீழே நிற்கப் போவது நீங்கள்.

ஆசாரிமார் சொல்லித் தருவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். கதவு, நிலை செய்யும் பட்டறைகளில் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சொல்லித் தரும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்ட்ரிங் வேலை அப்படி ஒரு குலத்தொழிலாக இருந்ததே இல்லை. ஐடிஐயிலும் அப்ரண்டிஸ் சட்டத்திலும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு ஒதுக்க முடியாது. படகில் கயிறு கட்டிப் பழகிய கை சாரம் கட்டும்போது உதவவே செய்யும். ஆனால் படகின் ஆட்டத்தில் நின்று பழகியவன் எனக்குப் பாதுகாப்பு பெல்ட் எதற்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஐடிஐ பற்றி மேஸ்திரி சொன்னது

அதில் பாதி உண்மை. ஐடிஐ முடித்து வரும் பையனை நேராக முட்டுக் கொடுக்கச் சொன்னால் தடுமாறுவான், ஏனென்றால் அங்கே சொல்லித் தருவது பெரும்பாலும் மர வேலை. மரத்தின் ரகம், அளவெடுத்தல், காடி எடுத்துப் பொருத்துதல், இழைப்புளி, உளி, மெஷின், முக்கியமாக வரைபடம் படித்தல். சைட்டில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தராத பாடம் இந்த வரைபடம்தான். பெரியாள் ஆவதற்கும் கையாளாகவே நிற்பதற்கும் வித்தியாசம் பல நேரம் அதில்தான் இருக்கிறது.

முன்பு கார்பெண்டர் என்றிருந்த பிரிவை இப்போது ‘உட் ஒர்க் டெக்னீஷியன்’ என்ற பெயரில் நடத்துகிறார்கள். ஒரு வருடப் படிப்பு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இருக்காது. பரமக்குடி, இராமநாதபுரம் ஐடிஐகளில் விசாரியுங்கள், இல்லையென்றால் மதுரைப் பக்கம் கேளுங்கள். அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இரண்டும் சேர்ந்து 1,750. மேஸ்திரி தரும் 3,000-க்கும் இதற்கும் வித்தியாசம் 1,250 ரூபாய்தான். இதோடு, லீவு நாளில் உள்ளூரிலேயே சென்ட்ரிங்குக்குப் போனால் அன்றைக்கு 600 ரூபாய் உங்கள் கையில்.

ஒரு வருடம் முடியாது, வீட்டில் இப்போதே பணம் வேண்டும் என்றால் குறுகிய பயிற்சிகளும் இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நிறுவனம் நடத்தும் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையத்தில் சென்ட்ரிங் கார்பெண்டர் வேலையைத் தனிப்பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். கருவி வாங்க அரசுக் கடன் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது ஆனவர்களுக்கானது, உங்களுக்கு இப்போது பொருந்தாது.

என் கருத்தைக் கேட்டால், ஒரு வருடம் ஐடிஐ, அதன் பிறகு பெரிய பில்டர் நிறுவனத்தில் பதிவு செய்த அப்ரண்டிஸ். மேஸ்திரி சொல்லும் அதே இரண்டு வருடத்தில் கையில் சான்றிதழோடு நிற்பீர்கள். அப்பாவின் கடன் கழுத்தை நெரிக்கிறது, அதற்கு வழியில்லை என்றால், ஊரிலேயே நாள் கூலிக்குச் சென்ட்ரிங் போவது இரண்டாவது வழி. சான்றிதழ் இல்லாவிட்டாலும் கூலி வரும், தொழிலும் படியும். அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் முறையும் இருக்கிறது, அதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். மேஸ்திரி இப்போது சொல்லும் நிபந்தனையில் போவது மட்டும் வேண்டாம்.

அவரோடுதான் போக வேண்டும் என்று வீட்டில் முடிவானால், கிளம்புவதற்கு முன் இவற்றைக் கேட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்:

- முதல் மாதத்திலிருந்து கூலி எவ்வளவு, எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் வரும்.
- ஆறு மாதத்தில் என்ன வேலை சொல்லித் தருவார், ஒரு வருடத்தில் என்ன. தூண், பீம், படிக்கட்டு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். படிக்கட்டுக்கு அச்சு அடைக்கக் கற்றவனுக்கு எங்கே போனாலும் மரியாதை.
- எந்த சைட், எந்த நிறுவனம். முகவரியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.
- ஹெல்மெட், பெல்ட், ஷூ யார் செலவு.

இதைக் கேட்டதற்கே கோபப்படுகிறவர் என்றால் அவரோடு கிளம்பாதீர்கள்.

மாமா சொல்லும் விசா

மாமா நல்லதற்குத்தான் சொல்கிறார். வளைகுடாவில் ஷட்டரிங் கார்பெண்டருக்குத் தேவை இருப்பதும் உண்மைதான். ஆனால் ஒன்றரை லட்சம் என்ற தொகை சரியில்லை. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். முகவர் பதிவு பெற்றவரா என்று வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். நம் ஊரில் விசா வாங்கித் தருவதாகப் பணம் வாங்குகிற பலர் அந்தப் பட்டியலில் இல்லாத இடைத்தரகர்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும், அப்போது ஒப்பந்தத்தை ஒரு அதிகாரி பார்ப்பார். நீங்கள் பிளஸ் டூ என்பதால் அந்த அனுமதி தேவையில்லை. சலுகை மாதிரித் தெரியும், ஆனால் உங்கள் காகிதங்களை வேறு யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்றும் அர்த்தம். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலையின் பெயர், வேலை நேரம் மூன்றையும் நீங்களே படித்துப் பார்க்க வேண்டும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சென்னையில் அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978-இலிருந்து செயல்படுகிறது. அதில் பதிந்து வையுங்கள். அங்கேயும் கையில் சான்றிதழ் இருந்தால் பேச்சு எளிது.

உதவிக்கு யாரிடம் போவது

மேஸ்திரி பத்திரத்தைக் காட்டி மிரட்டினால் பயப்படாதீர்கள். இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். கூலிப் பாக்கி என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். போய்ச் சேர்ந்த இடத்தில் வெளியே விடாமல் நிறுத்தி வைத்தால் அந்த மாவட்டக் கலெக்டருக்கோ ஆர்டிஓவுக்கோ புகார் போக வேண்டும், வீட்டிலிருந்து அம்மா இங்கே உள்ள கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தாலும் அனுப்பி வைப்பார்கள்.

இனி அம்மாவின் கேள்வி. அம்மா, வேலை செய்யும்போது விழுந்து அடிபட்டால் வேலை கொடுத்தவர்தான் பொறுப்பு. பதிவு செய்த அப்ரண்டிஸுக்கும் அந்த இழப்பீடு உண்டு, பதிவில்லாமல் கூலிக்குப் போகிறவருக்கும் உண்டு. மேஸ்திரியிடம் பணம் இல்லை என்றால் அவருக்கு வேலை கொடுத்த மேல் கம்பெனியிடம் கேட்கலாம். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். கூலிக்குப் போவதாக இருந்தால், 18 வயது முடிந்துவிட்டதால், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தம்பியை இப்போதே பதிந்து வையுங்கள்.

இந்த வழக்குகள் தோற்பது பெரும்பாலும் ஆதாரம் இல்லாமல்தான். அவன் அங்கே வேலை செய்ததே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் சைட்டில் எடுத்த போட்டோ, கூலி வந்த வங்கிக் கணக்கு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் எதையும் அழிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் ஆக்சிடெண்ட் ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். “வண்டியிலிருந்து விழுந்தேன்னு சொல்லு, செலவை நான் பார்த்துக்கிறேன்” என்று மேஸ்திரி பக்கத்தில் நின்று சொன்னாலும், எந்த சைட்டில், எத்தனையாவது மாடியில், என்ன வேலை பார்க்கும்போது விழுந்தான் என்பதை நடந்தபடியே எழுதச் சொல்லி, அந்த நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.